ராமநாதபுரம் கடலோரத்தில் அமைதியான தெருவில் வீடு: குடிவரும் முன் என்னென்ன பார்க்கணும்?

வைகைக்கரை (இழை தொடங்கியவர்)

வணக்கம். எழுபது தாண்டிய பெற்றோருக்கு வீடு பார்க்கிறோம். முதலில் வாடகை, ஒத்துவந்தால் வாங்கும் எண்ணம். கைவசம் இரண்டு இடம். ஒன்று கீழக்கரையில், கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் ஒரு உள்தெரு. மற்றது தேவிபட்டினத்தில், பிரதான சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே. இரண்டு தெருவிலும் பகலில் ஈ காக்கை இல்லை. தரகர் "தண்ணி பிரச்சினையே கிடையாது சார்" என்கிறார். அங்கேயே இருப்பவர்கள் எதைப் பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

ஊருணி

இந்த மாவட்டத்தில் ஒருவர் தண்ணி பிரச்சினை இல்லை என்றால், எந்தத் தண்ணியைச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று தண்ணி ஓடும். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து வரும் கூட்டுக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவும். கிணறோ போரோ புழங்க. இரண்டும் கைவிட்டால் டேங்கர் அல்லது தள்ளுவண்டிக் குடம்.

குழாய்த் தண்ணி தினமும் வராது. எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று தரகரிடம் கேட்டுப் பயனில்லை. எதிர் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், நிமிடக் கணக்கோடு சொல்வார். வீடு தெருக்குழாயின் தலைப்பில் இருக்கிறதா, கடைசியில் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். முன்னால் இருக்கும் நாலு வீடு குழாயிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். அது சட்டப்படி குற்றம், பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். ஆனாலும் நடக்கிறது.

இருவருக்குக் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும். குளியலையும் நல்ல தண்ணியில் வைத்தால் 150 லிட்டர். பத்து நாள் வராவிட்டாலும் தாங்க 2000 லிட்டர் தொட்டி வேண்டும். தரைக்குள் தொட்டி இருந்தால் ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணியில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது) வாங்கிக்கொண்டு போங்கள், சில நூறு ரூபாய்தான். தெருக்குழாய்த் தண்ணியை அளந்து, அதே தண்ணி தொட்டியில் இரண்டு நாள் கிடந்தபின் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். தொட்டி அளவு கூடியிருந்தால் சுவர் வெடித்து உப்பு ஊற்று உள்ளே கசிகிறது. வெள்ளை அடித்து மறைத்தாலும் மீட்டர் காட்டிக்கொடுக்கும்.

போர் தண்ணியை மார்கழியில் அளந்து ஏமாறாதீர்கள். மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் இனிக்கும். வைகாசி, ஆனியில் அளந்ததுதான் கணக்கு. குடிநீருக்கு டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

உப்பளம்

ஆர்.ஓ. மெஷின் ஒன்று மாட்டினால் தீர்ந்தது. இதற்கு ஏன் இவ்வளவு நீட்டல்?

ஊருணி

அண்ணே, வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பெரும்பாலும் 2000 வரைக்கும்தான். அதற்கு மேல் போகும் போர் தண்ணியைக் கொடுத்தால் மெம்பரேன் சில மாதத்தில் அடைத்துப் போகும், சுவையும் துவர்க்கும். ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் வெளியே தள்ளும். அந்தக் கழிவு இன்னும் கடும் உப்பு. அதைச் செடிக்கு விட்டால் செடி கருகும், கழுவ விட்டால் தரையில் உப்புப் பூக்கும். காவிரித் தண்ணிக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, வடிகட்டிக் கொதிக்க வைத்தால் போதும்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் நினைப்பது: "ஆழமாப் போர் போட்டால் நல்ல தண்ணி வரும்". மதுரையில் சரியாக இருக்கலாம். இங்கே மணலுக்குள் மழைத்தண்ணி உப்புத்தண்ணியின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. மண்டபம், ராமேசுவரம் பக்கம் பெண்கள் கடற்கரை மணலில் இடுப்பளவு ஊற்றுத் தோண்டி அகப்பையில் நல்ல தண்ணி மொள்வது அதனால்தான். போரை ஆழமாக இறக்கினால் ஏட்டைத் தாண்டி உப்புக்குள்ளேயே போய்விடும். மேலோட்டமாக இருந்தாலும் பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு கூம்பு போல மேலேறி வரும். ஒரு முறை ஏறியது இறங்க ஒரு நல்ல மழைக்காலம் ஆகும். ஆகவே உறைகிணறு, அரைக் குதிரைத்திறன் மோட்டார், 20 நிமிடம் ஓட்டி இரண்டு மணி நேரம் விடுவது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரைக் குதிரைத்திறன் மாட்டியிருந்தால் நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தும் பிரயோசனமில்லை. தெருவே ஒத்துப்போகிற விஷயம் இது.

தென்கடல்

தண்ணிக்கு அடுத்து காற்று. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், புதுமடம் எல்லாம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வடகடல், பாக் விரிகுடாப் பக்கம். தென்கடல் ஊர்களில் வைகாசியிலிருந்து ஆவணி வரை சோழகம், அதாவது தென்காற்று, கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் வரும். துணி காயும், ஆனால் பிசுபிசுக்கும். வடகடல் ஊர்களில் அதே மாதங்களில் காற்று தரிசு நிலத்தைத் தாண்டி வருவதால் உப்பு குறைவு, புழுதி அதிகம். அங்கே உப்புக் காற்று வாடையில்தான், ஐப்பசிக்கு மேல்.

இதை வைத்து வீட்டைப் பாருங்கள். கீழக்கரை வீட்டில் தெற்குச் சன்னல் கொண்டியையும் வடக்குச் சன்னல் கொண்டியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு துருவா? தெற்கு மட்டும் இற்றுப்போயிருந்தால் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தடுப்பு இல்லை என்று அர்த்தம். முன்னால் இரண்டு வரிசை வீடு இருந்தால் அரை கிலோமீட்டரே பெரிய தூரம்.

ஏ.சி. வெளிப்பெட்டி காற்றுக்கு முதுகு காட்டும் சுவரில் இருக்கணும். மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணியில் தகடுகளைக் கழுவ வேண்டும். போர் தண்ணியில் கழுவினால் கழுவாமலே விட்டிருக்கலாம். கதவு, கிராதிக்கு எவர்சில்வர் என்று நம்பி 202 ரகம் போட்டால் ஒரே வருடத்தில் தேநீர்க் கறை போலப் புள்ளி விழும். 304 கொஞ்சம் தாங்கும், 316தான் கடலுக்கு உகந்தது, விலையும் அப்படி. சாதா இரும்பே போதும் என்றால் உப்புத்தாள் தேய்த்து ரெட் ஆக்சைடு இரண்டு கை, பிறகு எனாமல். கீல், தாழ்ப்பாள் பித்தளையில் போடுங்கள்.

பனைக்குளம் மேஸ்திரி

வாங்குகிற எண்ணம் இருந்தால் சுவரை விட கூரையின் அடியைப் பாருங்க. சன்ஷேடு, பால்கனி, தண்ணித் தொட்டிக்குக் கீழ்ப்பக்கம், இந்த மூணு இடத்தில்தான் முதலில் விடும். கம்பி ஓடுகிற திசையிலேயே நேர்கோடாக வெடிப்பு, பழுப்புக் கசிவு, சுத்தியலால் தட்டினால் 'டொக் டொக்'னு பொள்ளல் சத்தம். துருவாக மாறின இரும்பு முன்ன இருந்ததை விட ரெண்டு மூணு மடங்கு இடம் பிடிக்கும், அந்தப் பருமன்தான் காரையைத் தள்ளி விடுது.

இதுக்கு மேலே பூசிக் கொடுத்துட்டு விற்பாங்க. புதுப் பூச்சு ஒரு இடத்தில் மட்டும் சதுரமாக இருந்தால் ஏன் என்று கேளுங்க. சரியான வேலை என்றால் கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவு கொத்தி, கம்பி பிரஷ்ஷால் வெள்ளி தெரியத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடிச்சு, பாலிமர் கலவையால் அடைக்கணும். கம்பி கால்வாசிக்கு மேல் இளைச்சிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டணும். சும்மா சிமெண்ட் பால் தடவினால் அடுத்த சோழகத்துக்குள்ள திரும்ப விழும்.

புதுசாகக் கட்டினால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456-இல் கடலோரத்துக்கு எம்30 தரக் கலவை, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. காரை, தண்ணி–சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாதுன்னு இருக்கு. நம்ம பக்கம் ஸ்லாப் போடும்போது 20 மி.மீ. கவர் கட்டை வச்சுட்டு, கலவை இறங்கலைன்னு ஒரு வாளித் தண்ணி சேர்ப்பாங்க. அதிலும் போர் தண்ணி. கலவைத் தண்ணியில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக்கூடாது. கட்டுகிற காலத்தில் டேங்கர் தண்ணிக்கு ஆகிற செலவைத் தயங்கினால் பதினைந்து வருஷம் கழிச்சு மொத்தமாகக் கட்டணும். போட்ட கான்கிரீட்டை நனைச்சு வைக்கிறதுக்கும் அதே நல்ல தண்ணிதான்.

கீழக்கரை லாத்தா

எல்லாரும் வீட்டைப் பார்க்கிறீங்க, தெருவைப் பார்க்கலையே. பகலில் ஈ காக்கை இல்லைன்னு தம்பி சந்தோஷப்பட்டிருக்கார். எங்க ஊரில் தெரு வெறிச்சோடினால் அதுக்குக் காரணம் இருக்கும். ஆண்கள் பாதிப் பேர் வளைகுடாவிலும் சென்னையிலும். சில தெருவில் வீடே பூட்டிக் கிடக்கும், பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பாங்க. வயசானவங்களுக்கு அந்த மாதிரி அமைதி வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்குப் போய் எத்தனை வீட்டில் வெளிச்சம் எரியுதுன்னு எண்ணுங்க. பத்துக்கு ஆறு வீட்டிலாவது எரியணும். திண்ணையில் ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அவங்கதான் கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பாங்க, சாவி வச்சிருப்பாங்க, ரெண்டு நாள் வாசல் திறக்கலைன்னா கதவைத் தட்டுவாங்க.

சத்தம் எப்போ வரும்னும் தெரிஞ்சுக்கங்க. சுபுஹு பாங்கு, அதான் அதிகாலைத் தொழுகை அழைப்பு, விடியுமுன்ன. ஏழு மணிவாக்கில் மீன்காரர் டி.வி.எஸ். ஹாரன், அப்புறம் குப்பை வண்டி. மதியம் ஒன்றரைக்கு மேல் நாலு வரைக்கும் தெரு தூங்கும், அப்போ போய் மணியடிக்காதீங்க, கடையும் பாதி சாத்தியிருக்கும். நோன்பு மாதம் எல்லாமே தலைகீழ். பகல் அமைதி, ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சு சஹர் (விடியுமுன் சாப்பாடு) வரைக்கும் நடமாட்டம். பள்ளி விடுமுறையில் கல்யாணம் வரிசையா வரும். பந்தல் போட்டால் தெரு அடைபடும், மய்யித்து (இறப்பு) வீடு என்றாலும் அப்படியே. அதுக்கு முன்னமே வண்டியைத் தெருமுனைக்கு எடுத்து வச்சிடணும், யாரும் கோபப்படமாட்டாங்க, நீங்களும் படக்கூடாது.

கடைசியா ஒண்ணு. எங்க ஊர்ச் சந்துகள் குறுகல். 108 வண்டி வாசல் வரைக்கும் வருமா, வராவிட்டால் ஸ்ட்ரெச்சர் எவ்வளவு தூரம் தூக்கணும், மூலையில் திரும்புமா? அளந்து பாருங்க. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 17 கிலோமீட்டர்தான், ஆனா அந்தச் சந்துகளைத் தாண்டுறதுக்கே பத்து நிமிஷம் ஆனால் அந்தக் கணக்கு உதவாது.

தென்கடல்

லாத்தா சொன்ன வெளிச்சக் கணக்கை வழிமொழிகிறேன். பூட்டிய வீடுகளில் இன்னொரு தொல்லை, கொசு. நகரத்து மலேரியாக் கொசு சாக்கடையைத் தேடாது, கிணறு, மாடித் தொட்டி, தரைத்தொட்டி போன்ற நல்ல தண்ணியில் முட்டையிடும். உங்கள் தொட்டிக்கு மூடி இருந்தும் பக்கத்துப் பூட்டிய வீட்டுத் தொட்டி திறந்து கிடந்தால் அங்கிருந்து வரும். வழிந்தோடும் குழாயின் வாயில் மெல்லிய வலை கட்டுவது எல்லோரும் மறக்கும் வேலை. பாவிக்காத கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம், நகராட்சியில் கேட்டுப் பாருங்கள்.

உப்பளம்

தேவிபட்டினத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கடலுக்குள் நவபாஷாணம் (நவக்கிரகக் கற்கள்) இருக்கும் ஊர் அது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு விடியுமுன்னே வெளியூர் வண்டிகள் வந்து குவியும், கோயில் சாலையில் நிறுத்த இடமில்லாமல் உள்தெருவுக்குள் நுழையும். மற்ற நாளில் உங்கள் தெரு அமைதி என்பது உண்மைதான். அந்த இரண்டு அமாவாசையிலும் மருத்துவமனைத் தேதி வைக்காதீர்கள், அவ்வளவே. ஏர்வாடிக்குப் போகிறவர்களுக்கு இதே புத்திமதி அங்குள்ள தர்காவின் சந்தனக்கூடு விழாச் சமயத்துக்கு.

மின்கம்பம்

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. கடலோரத்தில் கம்பத்துப் பீங்கானில் கோடை முழுக்க உப்பு படியும். முதல் தூறலிலோ கடும் பனியிலோ அது ஈரமாகி மின்சாரம் வழிந்து லைன் அடித்துப் போகும். பெருமழையில் கழுவிப் போவதால் நிற்காது, சிறு தூறலில்தான் நிற்கும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் தனி, காலை ஒன்பதிலிருந்து மாலை வரை, முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

இன்வெர்ட்டரில் ஒரு 150 ஏ.எச். மின்கலம் இருந்தால், இரண்டு மின்விசிறி, மூன்று விளக்குக்கு ஐந்து மணி நேரம் தாங்கும். மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரடியாக இணைத்த வீடுகள் உண்டு. விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் மாடி சுவிட்சுப் பெட்டியிலோ மோட்டார்ப் பெட்டியிலோ உப்பு ஈரம் ஏறுவது. பெட்டியைத் தண்ணீர் புகாத வகைக்கு மாற்றினால் நின்றுவிடும். எர்த் குழாய் உப்பு மண்ணில் சீக்கிரம் அரிக்கும். மேலே கிளாம்பு பளபளப்பாக இருந்தும் மண்ணுக்குள் குழாய் இற்றிருக்கலாம், அளந்துதான் சொல்ல முடியும்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. லாத்தா, இரவு எட்டு மணிக்குப் போய் எண்ணிவிட்டு எழுதுகிறேன். இரண்டு சந்தேகம். கழிவுத்தொட்டி பற்றி என்ன கேட்க வேண்டும்? தேவிபட்டினம் வீட்டு மாடி 1000 சதுர அடி. மழைத்தண்ணி சேர்த்தால் எவ்வளவு கிடைக்கும்?

பனைக்குளம் மேஸ்திரி

கழிவுத்தொட்டிக்கும் கிணத்துக்கும் 15 மீட்டராவது இருக்கணும். மணல் மண்ணு சீக்கிரம் கடத்தும். உங்க வீட்டுத் தூரம் மட்டும் போதாது, பக்கத்து வீட்டுத் தொட்டி உங்க கிணத்துக்கு மூணு அடியில் இருக்கும். மதில் மேலே எட்டிப் பாருங்க. கார்த்திகையில் நிலத்தடித் தண்ணி ஏறும்போது தொட்டி வடியாமல் கழிப்பறையில் 'களக் களக்'னு நிக்கும், வீட்டுக்காரர் அதை அடைப்புன்னு சொல்வார். உறிஞ்சும் லாரி தெருவுக்குள் வருமா, வராட்டி குழாய் எட்டுமான்னு கேட்டுக்கங்க. தெருமட்டத்தை விட வாசல் உயரமான்னும் பாருங்க. பழைய தாரைச் சுரண்டாமலே மேல மேல ரோடு போட்டதில் ஒரு காலத்தில் மூணு படி இருந்த வீடு இப்போ தெருவுக்குச் சமமா நிக்குது. 2024 நவம்பர் 20-இல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெஞ்சுது. அப்படி ஒரு மழையை மனசில் வச்சு மட்டம் பாருங்க.

ஊருணி

1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் 500 மி.மீ. பெய்தால், வழியில் போவது ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் 37,000 லிட்டர். சமையலுக்கும் குடிக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் 10,000 லிட்டர் தொட்டி ஒன்றே 500 நாளுக்கு வரும். மிச்சத்தைக் கிணற்றுப் பக்கம் மணல் குழியில் இறக்குங்கள், மேலே சொன்ன ஏடு தடிக்கும்.

முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. ஒன்பது மாத உப்பும் புழுதியும் காக்கை எச்சமும் மாடியில் இருக்கும். முதல் 2 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 200 லிட்டர் வெளியே போக ஒரு திருப்பு வால்வு வையுங்கள். பிறகு டி.டி.எஸ். அளந்து, 50-க்குக் கீழே வந்ததும் தொட்டிக்குத் திருப்புங்கள். நடுவே பத்து நாள் வாடை அடித்து மழை இல்லாமல் இருந்தால் மறுபடி கொஞ்சம் வெளியே விட வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சம் புகவே கூடாது, புகுந்தால் பாசி.

உப்பளம்

சேமிப்பெல்லாம் சரி, வாடகை வீட்டில் அந்தத் தொட்டிச் செலவு யாருடையது? ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பேசுங்கள். எங்கள் பக்கம் வழக்கமாகத் தகராறு வரும் மூன்று: கிராதி பெயிண்ட், மோட்டார் பழுது, கழிவுத்தொட்டி உறிஞ்சுவது. பெயிண்ட் வீட்டுக்காரருடையது என்று எழுதினாலும் எந்த மாதத்தில் என்று எழுத மாட்டார்கள், அவர் ஆடியில் ஆள் அனுப்புவார். ஈர உப்பின் மேல் அடித்த பெயிண்ட் தோலாக உரியும். "பங்குனி, சித்திரைக்குள்" என்று சேர்த்து எழுதுங்கள். தெற்குப் பக்கத்துக்கு மட்டும் என்றாலும் வருடா வருடம்.

கீழக்கரை லாத்தா

மோட்டார் பழுதையும் சேர்த்து எழுதுங்க தம்பி. உப்புத் தண்ணிக்கு வார்ப்பிரும்பு மோட்டார் வச்சிருந்தா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதுக்கு வேலை வந்துரும்.